பச்சை குத்தும் முன் வரப்பில் பாருங்கள்

கிராமங்களில் பச்சை குத்திக்கொள்ளும் வழக்கம் மிகப் பழமையானது. மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்தரைத்து, துணியில் சுற்றி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியே அந்நாளைய மை. கரி கறுப்பானாலும் தோலுக்கடியில் சென்றபின் பச்சையாகத் தெரிவதால் இப்பெயர் ஏற்பட்டது.

இன்று இவ்வேலை நகரத்துக் கடைகளில் இயந்திர ஊசியால் நடைபெறுகிறது. சொந்த மண்ணின் பூ, பழம், பறவை ஆகியவற்றைக் குத்திக்கொள்ள விரும்பும் இளைஞர்களும் உண்டு. ஆனால் கடையில் கிடைக்கும் படம் எந்த நாட்டுப் பூவோ, எந்த நாட்டுப் பறவையோ தெரியாது. தவறாகக் குத்திவிட்டால் அழிப்பது எளிதன்று, செலவும் மிகுதி. சரியான மாதிரி விவசாயியின் வேலியிலும் தோப்பிலும் உள்ளது. அதை நேரில் பார்த்து வரைந்து எடுத்துச் செல்வதே நல்லது.

தோலில் ஏறிய மை நாளடைவில் சற்றுப் பரவும். நெருக்கமான மெல்லிய கோடுகள் ஒன்றாகக் கலந்துவிடும். ஆகவே ஒவ்வொன்றிலும் முக்கிய அடையாளங்களை மட்டும் தேர்ந்து, இடைவெளி விட்டு, தெளிவான கோடுகளில் வரைய வேண்டும்.

செங்காந்தள்

தமிழ்நாட்டின் மாநில மலர் இது. கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்றும் அழைக்கப்படுகிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதிகளில் மருந்துக்கான விதைக்காகப் பயிராகிறது. பூ தலைகீழாகத் தொங்கும். நெளிந்த ஓரமுள்ள ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடிந்து நிற்கும். ஆறு மகரந்தத் தாள்களும் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள்போல் பக்கவாட்டில் விரியும். இலை நுனி சுருண்டு கொம்பைப் பற்றிக்கொள்ளும். மலர்ந்தவுடன் மஞ்சள் மிகுந்திருக்கும்; நாளாக ஆகச் சிவப்பு ஏறும்.

சூல்தண்டு அடியிலேயே மடிந்து ஒரு பக்கமாக விலகி நிற்பதைத் தவறாமல் வரைய வேண்டும். இந்த விலகலால் மகரந்தம் தானாகச் சூல்முடியில் சேர்வது குறைகிறது. காலை வேளையில் கையால் மகரந்தச் சேர்க்கை செய்து காய்ப்பிடிப்பைக் கூட்டுவது இதனால்தான்.

செடியின் எல்லாப் பாகங்களும், குறிப்பாகக் கிழங்கும் விதையும், கடும் நச்சுடையவை. தொட்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகளை அருகில் விடலாகாது.

பலா

மாங்காயைப் போலக் கிளை நுனியில் பலாவைத் தொங்கவிட்டு வரைவது தவறு. அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் தடித்த காம்பில்தான் பலா காய்க்கும். தோலிலுள்ள முட்கள் குட்டையானவை. முள்ளம்பன்றி முட்கள்போல் நீட்டலாகாது. வளர்ந்த மரத்தின் இலை தடித்து, பளபளப்பாக, வெட்டில்லாத ஓரத்துடன் இருக்கும்.

மரகதப்புறா

மாநிலப் பறவையான இது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் அதையொட்டிய தோட்டங்களிலும் காணப்படும். தரையில் நடந்து, உதிர்ந்த விதைகளையும் கனிகளையும் பொறுக்கித் தின்னும். சிறகு மரகதப் பச்சை. அலகு பவளச் சிவப்பு. மார்பு மங்கிய செம்பழுப்பு. ஆண் பறவைக்கு நெற்றியும் புருவமும் வெண்மை. ஆலம்பழம் தின்ன மரத்தில் கூடும் பச்சைப்புறா வேறு பறவை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது.

பனங்காடை

சமவெளி விவசாயிகளுக்கு நன்கு பழக்கமான பறவை இது. கம்பியில் அமர்ந்திருக்கும்போது பெரும்பாலும் பழுப்பாகத் தெரியும். பறக்கும்போதுதான் சிறகின் நீலப் பட்டைகள் வெளிப்படும். ஆகவே சிறகு விரித்த நிலையில் வரைவதே சிறப்பு.

உடல்நலம் முக்கியம்

ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியால் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் பி, சி வகைக் கிருமிகளும் எய்ட்ஸ் கிருமியும் பரவக்கூடும். திருவிழாக் கடைகளில் பலருக்கும் ஒரே ஊசியால் குத்துவதை அனுமதிக்கலாகாது. உறை பிரிக்காத புதிய ஊசியைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஊற்றிய மையில் மீதியை மற்றவருக்குப் பயன்படுத்தக்கூடாது. குத்திய இடம் வீங்கிச் சீழ் வைத்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குத்திக்கொண்டபின் ஓராண்டு இரத்த தானம் செய்யக்கூடாது. இராணுவ வேலைக்குச் செல்ல விரும்புவோர், உடலில் எங்கெங்கு பச்சை அனுமதிக்கப்படுகிறது என்ற விதியை முன்னதாகவே தெரிந்துகொள்வது அவசியம்.

மாதிரி அழியாமல் இருக்க

பட்டுப்போன பனையை, இடையூறு இல்லாத இடத்தில் நின்றால், விறகுக்காக வெட்டாமல் விடலாம். அதன் பொந்தில் பனங்காடை கூடு வைக்கும். வயலில் வெட்டுக்கிளிகளையும் வண்டுகளையும் பிடித்துத் தின்று பயிருக்கு நன்மை செய்யும். வேலியோரம் தானாக முளைக்கும் செங்காந்தளைக் கால்நடைகளும் குழந்தைகளும் அணுகாத இடமாயின் விட்டுவைக்கலாம். கிணற்று மேட்டில் இடமிருந்தால் ஒரு பலாக் கன்று நடலாம். கையில் குத்தும் படத்துக்கு மாதிரியும் கிடைக்கும். பழம் விற்ற காசும் வீட்டுக்கு வரும்.