தவக்காலமும் மனதில் சுமக்கும் பழைய கணக்குகளும்



விபூதிப் புதனன்று தொடங்கும் தவக்காலத்தை உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாள் வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். இடையில் வரும் 6 ஞாயிறுகள் நோன்பு நாட்கள் அல்ல என்பதால் 40 நாட்கள் என்கிறோம். இந்நாட்களில் இறைச்சியை விடுகிறோம், மதுவை விடுகிறோம், சிலர் தொலைக்காட்சி நாடகத்தையும் விடுகிறார்கள். ஆனால் பல வருடமாகக் கதைக்காமல் இருக்கும் சகோதரங்கள் மீதான கோபத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

நமது வீடுகளில் உள்ள கோபங்கள் எவை? ஊர்க் காணி பிரித்த விதம், சீட்டுக் காசு, ஏஜென்சிக்குக் கட்டிய பணம் திரும்பி வராதது, கலியாண வீட்டுக்குச் சொல்லாமல் விட்டது. இவற்றுக்கு மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரம் வழி சொல்கிறது. உன்மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் அவரோடு சமாதானமாகு என்கிறார் இயேசு. யாரில் பிழை என்று அவர் கேட்கவில்லை. முதலடியை நாமே வைக்க வேண்டும் என்பதே பொருள்.

அதற்காக வாய்வார்த்தை மட்டும் போதாது. பாவசங்கீர்த்தனத்தில் மனஸ்தாபம், பாவத்தைச் சொல்லுதல் ஆகியவற்றோடு பரிகாரமும் சேர்ந்திருக்கிறது. சக்கேயு தான் ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். கடன் பாக்கி இருந்தால் அதைக் கொடுப்பதே முதல் மன்னிப்புக் கேட்டல்.

நம்மீதே நமக்குள்ள கோபம் இன்னொரு வகை. தாயின் செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை, தம்பியை விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று உள்ளுக்குள் அழுபவர்கள் பலர். விசா இல்லாததால் போகாமல் விட்டது துக்கம், அது குற்றமல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உண்மையாகவே பிழை செய்தவருக்கும் வழி உண்டு. பேதுருவும் தவறினார், யூதாசும் தவறினான். இருவருமே மனம் வருந்தினார்கள். யூதாஸ் அந்தத் துயரத்தோடு தனித்துப் போனான். பேதுரு மற்றச் சீடர்களோடு சேர்ந்து கொண்டார். ஆகவே மனப்பாரத்தைத் தனியே சுமக்காமல் குருவானவரிடமோ, வைத்தியரிடமோ, நம்பிக்கையான ஒருவரிடமோ சொல்லுங்கள்.

மன்னிப்பதென்றால் நடந்ததை மறப்பதா என்று சிலர் பயப்படுகிறார்கள். இல்லை. பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் தம்மைச் சுட்டவரைச் சில நாட்களிலேயே மன்னித்தார். 1983இல் சிறைக்குச் சென்றும் சந்தித்தார். ஆனாலும் அந்த மனிதர் 2000ஆம் ஆண்டு வரை இத்தாலியச் சிறையில் இருந்தார். மன்னிப்பு பழிவாங்கும் எண்ணத்தை விடுகிறது, நீதியை விடுவதில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 2017 மாசி மாதம் வீதியில் அமர்ந்த வன்னித் தாய்மாரிடம் "மறந்துவிடுங்கள்" என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அடிக்கும் கணவனை மன்னிப்பதற்காக ஒரு பெண் அந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டியதும் இல்லை.

எனவே பெரிய காயங்களை அவசரப்படுத்தாதீர்கள். சிறியவற்றில் தொடங்குங்கள். இந்தத் தவக்காலத்தில் ஒரேயொரு பெயரைத் தெரிந்தெடுங்கள். அவருக்காக ஒரு கிழமை செபியுங்கள். பிறகு தொலைபேசி எடுங்கள். பழைய கதையைக் கிளறாமல் சுகம் விசாரித்தாலே போதும். அவர் வைத்துவிட்டால் பெரிய வெள்ளிக்கு முன் இன்னொரு தடவை எடுங்கள். அவர் காலமாகிவிட்டவர் என்றால், அவர் பெயரில் ஒரு பூசை ஒப்புக்கொடுத்து, சொல்ல வேண்டியதை அங்கே சொல்லுங்கள்.