மர்ம ஊர்களும் வாய் திறக்காத பெரியவர்களும்

போன பொங்கலுக்கு சாணார்பட்டி போயிருந்தோம். எட்டாவது படிக்கும் என் மகள் மொட்டை மாடியில் நின்று சிறுமலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்பா, நம்ம ஊர்ல ஏதாவது மர்மம் இருக்கா?"

அப்போதுதான் அவள் 'கிராவிட்டி ஃபால்ஸ்' பார்த்து முடித்திருந்தாள். 2012இல் டிஸ்னி சேனலில் தொடங்கிய கார்ட்டூன் தொடர். பன்னிரண்டு வயது இரட்டையர்கள் டிப்பரும் மேபலும் கோடை விடுமுறைக்குத் தாத்தா முறை உறவினர் ஒருவர் வீட்டுக்குப் போகிறார்கள். அந்தச் சின்ன ஊரில் எதுவுமே சரியில்லை. அதுதான் கதை.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்னது பொய். அந்தப் பொய்யை ஏன் யோசிக்காமல் சொன்னேன் என்று துருவப் போய், இந்த வகைக் கதைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதில் வந்து நின்றேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. இளைஞர்களுக்கான துப்பறியும் கதைகளில் சின்ன ஊர் என்பது பழைய சங்கதி. 1927இல் வெளிவரத் தொடங்கிய ஹார்டி பாய்ஸ் வரிசைக்கு பேபோர்ட் என்ற கற்பனை ஊர். 1930இல் வந்த நான்சி ட்ரூவுக்கு ரிவர் ஹைட்ஸ். ஆனால் அந்த ஊர்கள் நல்ல ஊர்கள். திருடனும் கடத்தல்காரனும் வெளியிலிருந்து வருவார்கள், பிடிபடுவார்கள், ஊர் பழையபடி ஆகிவிடும்.

பிறகு இது தலைகீழாக மாறியது. ஸ்டீபன் கிங்கின் 'இட்' நாவல் 1986இல் வந்தது. அதில் டெர்ரி என்ற ஊரில் குழந்தைகள் காணாமல் போகிறார்கள், பெரியவர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார்கள். 1990இல் 'ட்வின் பீக்ஸ்' தொலைக்காட்சித் தொடர், 2016இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் ஹாக்கின்ஸ் ஊர். இவற்றில் ஊரே சந்தேகப்பட வேண்டிய ஆள்.

இந்தக் கதைகளைப் பிரித்துப் பார்த்தால் மூன்று பாகங்கள் கிடைக்கும். ஒன்று, எல்லை: காடோ மலையோ சுற்றி வளைத்த, எல்லாரும் எல்லாரையும் அறிந்த இடம். இரண்டு, விதி: "அந்தப் பக்கம் போகாதே", "இருட்டினா வெளியே வராதே". மூன்று, அந்த விதி தெரியாத ஒரு ஆள்: ஊருக்குப் புதிதாக வந்தவர் அல்லது ஒரு குழந்தை.

மூன்றாவது பாகம் ஏன் அவசியம்? இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நகரத்து மர்மத்தில் உண்மை யாருக்கும் தெரியாது. அதனால் துப்பறிபவருக்கு மூளை வேண்டும், கைரேகை வேண்டும். சின்ன ஊர் மர்மத்தில் உண்மை பாதிப்பேருக்காவது தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே துப்பறிய மூளையைவிட, "இதைக் கேட்கக் கூடாது" என்று தெரியாமல் இருப்பதுதான் பெரிய தகுதி. அது குழந்தையிடமும் வெளியூர்க்காரரிடமும்தான் இருக்கும்.

தமிழில் இந்த மூன்று பாகமும் சேர்ந்த கதை உண்டா என்றால், தாராளமாக உண்டு. சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ' ஒரு அச்சு அசல் உதாரணம். நாட்டுப்பாடல் சேகரிக்க கல்யாணராமன் என்ற இளைஞன் ஒரு கிராமத்துக்கு வந்து பழைய ஜமீன் வீட்டில் தங்குகிறான். இரவில் சத்தங்கள், அப்புறம் ஒரு கொலை. 1981இல் படமாகவும் வந்தது. சுஜாதா நம்ம மாதிரி என்ஜினீயர் ஆயிற்றே, பேய் மாதிரி தெரிவதற்குப் பின்னால் மனிதக் கை இருக்கிறதா என்று தேடுவார்.

அடுத்து இந்திரா சௌந்தர்ராஜன். மதுரையில் வாழ்ந்து, 2024 நவம்பரில் காலமானவர். நாகா இயக்கத்தில் சன் டிவியில் வந்த 'மர்மதேசம்' தொடர்களுக்கு அவர் கதைகள்தான் ஆதாரம். முதலில் வந்த 'ரகசியம்' ஒரு கிராமத்துக் கோயிலையும் நவபாஷாண லிங்கத்தையும் சுற்றியது. பொழுது சாய்ந்தபின் அந்தக் கோயிலுக்குள் யாரும் இருக்கக் கூடாது. போகர் செய்த நவபாஷாண முருகன் என்று பழனியைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அது பக்கத்து வீட்டுக் கதை மாதிரி இருந்தது.

1997இல் 'விடாது கருப்பு' வந்தது. மூலம் அவருடைய 'விட்டுவிடு கருப்பா' நாவல். தோட்டக்காரமங்கலம் என்ற ஊரில் தப்பு செய்தவர்களைக் கருப்புசாமி குதிரையில் வந்து தண்டிக்கிறார் என்பது ஊர் நம்பிக்கை. நான் அப்போது பதின்வயதுப் பையன். தொடர் முடிந்ததும் கொல்லைக்குப் போகக்கூட ஆள் துணை தேடுவோம். முடிவில் ஒரு மனநலப் பிரச்சினை விளக்கமாக வரும். யாருக்கு என்று சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் பாருங்கள்.

அமெரிக்கக் கதைக்கும் நம்ம கதைக்கும் வித்தியாசம் இந்த இடத்தில்தான். அங்கே ஊரின் ரகசியத்தைக் காப்பது பூதமோ அரசாங்க ஆய்வுக்கூடமோ. இங்கே காப்பது சாமி. "சாமி குத்தம் ஆயிரும்" என்ற ஒரு வாக்கியம் போதும், யாரும் மேலே பேச மாட்டார்கள். ஆனால் அதே சாமிதான் நீதிபதியும்கூட. ஊர் தண்டிக்காதவனைக் கருப்பு தண்டிப்பார்.

இது வெறும் கதாசிரியர் கற்பனை என்று நினைத்திருந்தேன். நாட்டார் வழக்காறு பற்றிப் படிக்க ஆரம்பித்தபின் அப்படித் தோன்றவில்லை. நம்ம கிராமத்துத் தெய்வங்களில் பல, கதைப்பாடல்களின்படி, கொலையுண்ட மனிதர்கள். மதுரை வீரன், காத்தவராயன் இருவரையும் எல்லாருக்கும் தெரியும். நெல்லைப் பக்கம் முத்துப்பட்டன். பிராமணனாகப் பிறந்து, பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலச் சகோதரிகளை மணந்து, மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவன். இன்றும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக அவனுக்கு வழிபாடு உண்டு.

அந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை ஒரு விஷயத்தைக் கவனித்தார். பிற்காலத்தில், அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணர் வீட்டில் பிறந்தவர்கள்தான் என்று ஒரு பிறப்புக் கதை சேர்க்கப்பட்டிருக்கிறது. சாதி மீறிய கல்யாணத்தை ஜீரணிக்க முடியாதவர்கள் செய்த வேலை. துப்பறியும் கதை மொழியில் சொன்னால், சாட்சியத்தைத் திருத்தியிருக்கிறார்கள்.

அப்படிப் பார்த்தால், ஊர் எல்லையில் நிற்கும் பல பீடங்கள் ஒருவகையில் முடிக்கப்படாத வழக்குக் கட்டுகள். யாரோ செத்தார்கள். ஊருக்குத் தெரியும். நியாயம் கிடைக்கவில்லை. பயம் வந்தது, பொங்கல் வைத்தார்கள்.

இப்போது மகளிடம் நான் சொன்ன பொய்க்கு வருகிறேன். சின்ன வயதில் சொந்தக்காரர்கள் ஊர் ஒன்றுக்கு லீவுக்குப் போவோம். அங்கே ஒரு பாழுங்கிணறு. "அங்க முனி இருக்கு, மத்தியானத்துல போகாதீங்க" என்பார்கள். ஒருநாள் அப்பத்தாவிடம் முனி எப்படி இருக்கும் என்று கேட்டேன். "உனக்கு எதுக்கு சாமி அதெல்லாம்?" என்று பேச்சை மாற்றிவிட்டது. எனக்கு முப்பது வயது தாண்டியபின், ஒரு சாவு வீட்டில், நடு ராத்திரியில், அதே அப்பத்தா தானாகச் சொன்னது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பெண் அந்தக் கிணற்றில் கிடந்தாள். தவறி விழுந்தாள் என்று முடித்துவிட்டார்கள். "விழுகல. எல்லாத்துக்கும் தெரியும்" என்றது அப்பத்தா. அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அதுவும் இப்போது இல்லை. கிணறும் இல்லை, மூடிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்காமலே விட்டுவிட்டேன்.

முனி எங்களைக் கிணற்றிலிருந்து காப்பாற்றியது உண்மை. கூடவே வேறு சிலரையும் காப்பாற்றியிருக்கிறது.

தமிழில் மர்ம ஊர்கள் நிறைய உண்டு. நான் படித்தவரை, ஊரின் மௌனத்தை ஒரு பதிமூன்று வயதுப் பெண் கேள்வி கேட்டு உடைப்பதாக எழுதப்பட்ட கதைகள் அபூர்வம். மர்மதேசத்தை நாங்கள் பெரியவர்களோடு உட்கார்ந்து, பெரியவர்களுக்கான கதையாகத்தான் பார்த்தோம். குழந்தைகளுக்கு நாம் மந்திரவாதியும் ராஜகுமாரியும் கொடுத்தோம், அல்லது நீதிக்கதை கொடுத்தோம். கேள்வி கேட்கும் பிள்ளையை நாயகனாக்கத் தயங்கினோம். காரணம் எளிது. அந்தப் பிள்ளை கேட்டால் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

போன வாரம் மகளைக் கூப்பிட்டு அந்தக் கிணற்றுக் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்க பேரு தெரிஞ்சவங்க இன்னும் யாராவது இருப்பாங்களா?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரியான கேள்வி. வர்ற சித்திரைக்கு ஊருக்குப் போகும்போது சேர்ந்து விசாரிக்கலாம் என்று இருக்கிறோம்.

உங்க ஊரிலும் "அந்தப் பக்கம் போகாதே" என்று ஒரு இடம் இருந்திருக்கும். யாரிடம் கேட்டால் தெரியும் என்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவங்க இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.