மருந்து கூடினால் வேகம் எவ்வளவு கூடும்?

புத்தளத்தின் காட்டோரக் கிராமங்களில் 'இடியன்' என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும். குழல் வாயில் மருந்தைக் கொட்டி, ரவையைப் போட்டு, கம்பியால் இடித்து வெடிக்கும் நாட்டுத் துவக்கு அது. மருந்தின் அளவைத் தீர்மானிப்பது வெடிக்கிறவரின் கை. 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக் காடுகளில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கரும் குழல் வாய்வழியாகத்தான் மருந்து போட்டார். பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் அவருக்குச் செய்துகொடுத்த துவக்கின் எடை 21 இறாத்தல். ஒரு வெடிக்கு ஒரு அவுன்ஸ் கருமருந்து தின்னும்.

மருந்தைக் கூட்டினால் ரவை வேகமாகப் போகும் என்பது உண்மை. எவ்வளவு வேகமாக என்பதுதான் கேள்வி.

பெரிய பித்தளைக் கோதில் கூடுதல் மருந்து அடைத்த மேக்னம் தோட்டாக்கள் வேகத்தைக் கூட்டும் ஆசையில் பிறந்தவை. அமெரிக்காவில் தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ளும் வேட்டைக்காரர்கள் ஓயாமல் ஒப்பிடும் இரண்டைப் பார்ப்போம். 1906இல் வந்த 30-06, 180 கிரெயின் எடையுள்ள ரவையை வினாடிக்குச் சுமார் 2,700 அடி வேகத்தில் அனுப்பும். 1963இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம் அதே ரவையைச் சுமார் 2,960 அடியில் அனுப்பும். மேக்னத்தின் கோதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம் உண்டு. வேகமோ பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது ஐந்தில் ஒரு பங்கு உயரும். அதற்கு விலையாகத் தோள் கூடுதலாக உதை வாங்கும், குழலும் விரைவில் தேயும்.

இந்த இலாபமும் உறுதியில்லை. தயாரிப்பாளர்களின் அட்டவணையில் அச்சாகும் வேகம் பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் அளந்தது. மேக்னத்தின் குழலை 20 அங்குலமாகக் குறைத்தால் ஏறக்குறைய 100 அடி வேகம் போய்விடும். வாங்கிய கூடுதலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே கரைந்துவிடுகிறது!

அடுத்தது வெயில். சூடேறிய மருந்து வேகமாக எரியும், கோதுக்குள் அழுத்தம் உயரும். லண்டன் தொழிலகங்கள் இந்தியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் அனுப்பிய கோர்டைட் தோட்டாக்களில் இதனால்தான் மருந்தைக் குறைத்து அடைத்தன. 1912இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கொண்டுவந்த .375 மேக்னத்தின் கோது நுனி நோக்கி நன்றாகச் சரிந்திருக்கும். வெப்பநாட்டில் அழுத்தம் ஏறினாலும் வெற்றுக் கோது அறையில் சிக்காமல் கழன்று வர அந்தச் சரிவு உதவியது. குளிர்நாட்டில் எழுதிய மருந்தளவைப் புத்தளத்து வெயிலில் அப்படியே நம்பமுடியாது.

ஆகவே அளக்க வேண்டும். ரவையின் வேகத்தைச் சரியாக அளக்க வழிகாட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். தொங்கவிட்ட மரக்கட்டைக்குள் சுட்டு, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டார். 1742இல் அவர் வெளியிட்ட நூலைக் கணித மேதை ஆய்லர் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராகத் தமிழ்நாட்டுக்கு வந்த ராபின்ஸ், 1751இல் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காலமானார். இன்று அந்த மரக்கட்டையின் வேலையை இரண்டு ஒளித்திரைகளும், ரேடாரும் செய்கின்றன.

கையால் தோட்டா நிரப்புவோர் அளவுகோலாகக் கொள்வதும் இதைத்தான்: சோதித்துப் பதிப்பித்த குறைந்த அளவில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் வேகத்தை அளப்பது. அட்டவணை சொன்னதை விட வேகம் மிஞ்சினால் அது வெற்றியில்லை, அழுத்தம் எல்லை தாண்டுகிறது என்ற எச்சரிக்கை.

இடியனுக்கு அட்டவணையும் இல்லை, திரையும் இல்லை. கண்ணளவில் கொட்டிய மருந்து குழலைப் பிளந்தால் முதலில் போவது வைத்திருப்பவரின் விரல்களும் கண்ணும்தான். பயிர்க்காவலுக்குத் துவக்கு தேவைப்படுகிறவர்கள் உரிமம் பெற்று, தொழிற்சாலைத் தோட்டாவை மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டு மூலையில் பழைய இடியன் கிடந்தால், அதில் மருந்து போடாதீர்கள்.