டாக்டர் வயிற்றைப் பார்க்கும்போது என்ன பார்க்கிறார்?

“வயித்து வலின்னு போனேன். படுக்கச் சொல்லிட்டு சும்மா பார்த்துட்டே நின்னாரு. ஸ்கேன்கூட எழுதல!” ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வந்த சிலர் இப்படிக் குறைப்படுவது உண்டு. ஆனால், அந்தப் பார்வையும் ஒரு பரிசோதனைதாங்க. கை வைத்து அழுத்துவதற்கு முன்பே செய்ய வேண்டிய முதல் பரிசோதனை அது.

எப்படிச் செய்வார்கள்?

நல்ல வெளிச்சத்தில் மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். நெஞ்சுக்குக் கீழிருந்து தொடை இடுக்கு வரை துணியை விலக்கிப் பார்ப்பார்கள். மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள், இருமச் சொல்வார்கள்.

என்னென்ன தெரியும்?

• மூச்சு விடும்போது வயிறு ஏறி இறங்க வேண்டும். அசையாமல் விறைப்பாக இருந்தால், வயிற்றின் உள்ளுறையில் அழற்சி இருக்கலாம்.
• இரு பக்கமும் புடைத்து, தொப்புள் வெளியே தள்ளியிருந்தால் நீர் கோத்திருக்கலாம்.
• தொப்புளைச் சுற்றி ரத்தநாளங்கள் புடைத்திருந்தால் கல்லீரலைச் சோதிப்பார்கள்.
• பழைய ஆபரேஷன் தழும்பு இருந்து, வயிறும் உப்பியிருந்தால் குடல் அடைப்பா என்று பார்ப்பார்கள்.
• இருமும்போது தொடை இடுக்கிலோ, தொப்புளிலோ, தழும்பிலோ வீக்கம் எழுந்தால், அது ஹெர்னியா எனப்படும் குடலிறக்கமாக இருக்கலாம்.

கூச்சம் வேண்டாம்

தொடை இடுக்கு வீக்கத்தை வெட்கப்பட்டு மறைப்பவர்கள் உண்டு. “படுத்தா உள்ள போயிடுது, விடு” என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடுவார்கள். ஒருநாள் அது உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டால், குடலுக்கு ரத்த ஓட்டம் நின்று உயிருக்கே ஆபத்தாகலாம். படுக்கும்போது மறையும் வீக்கம் என்றால், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். நிற்க வைத்தும் பார்ப்பார்.

பெண்களை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது, இன்னொரு பெண் உடனிருக்கக் கேட்பது நோயாளியின் உரிமை. திரை போடச் சொல்லியும் தயங்காமல் கேட்கலாம்.

போகும் முன்

எளிதில் விலக்கக்கூடிய தளர்வான உடை அணியுங்கள். சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு உட்பட எந்த ஆபரேஷன் நடந்திருந்தாலும் சொல்லுங்கள். பார்த்து, தொட்டுச் சோதித்த பிறகு, தேவைப்பட்டால் ஸ்கேன் எழுதுவார்கள்.

உடனே 108-ஐ அழையுங்கள்

வயிறு கல் மாதிரி இறுகிக் கடும் வலி, ரத்த வாந்தி, வயிறு உப்பி மலமும் வாயுவும் பிரியாமல் வாந்தி, உள்ளே போகாமல் வலிக்கும் வீக்கம் – இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். மற்ற மருத்துவ சந்தேகங்களுக்கு 104-ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம்.