அரண்மனையில் உறங்கும் எஞ்சின்

ஐதராபாத்தில் வாழும் தமிழன்பர்கள், ஊரிலிருந்து வரும் விருந்தினரைச் சார்மினாருக்கு அழைத்துச் செல்லத் தவறுவதில்லை. அதற்கு அண்மையிலுள்ள சௌமஹல்லா அரண்மனையில், 1912ஆம் ஆண்டின் மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் வண்டியொன்று காட்சிக்கு நிற்கின்றது. ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் விரும்பிக் கேட்ட வண்டி என்பர். அது வந்து சேருமுன், 1911இல், அவர் காலமானார். அரியணை போன்ற பின்னிருக்கையைக் கண்டு எல்லோரும் வியக்கின்றனர். நாம் சொல்ல விழைவதோ முன்மூடியின் கீழுள்ள எஞ்சினைப் பற்றி.

ஆறு சிலிண்டர்கள், மும்மூன்றாக இரு தொகுதிகளில் வார்க்கப்பட்டவை, கொள்ளளவு 7.4 லிட்டர். இத்தகைய எஞ்சினுக்கு ஓட்டத்தைவிட ஓய்வே பெரும்பகை. தேங்கிய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். தேங்கிய நீர் உலோகத்தை அரிக்கும். மழைக்கால ஈரமோ பிஸ்டன் வளையங்களைச் சிலிண்டர்ச் சுவரோடு துருவினால் இறுக்கிவிடும். ஆதலின் பெட்ரோலையும் நீரையும் வடித்துவிட்டு, சிலிண்டர்களில் சிறிது எண்ணெய் வார்த்து, அவ்வப்போது கைப்பிடியால் சுழற்றி வைப்பது பழைய எஞ்சின்களைக் காப்போர் வழக்கம்.

பழுதுற்ற உறுப்பை அகற்றிப் புதியது பொருத்தினால் வண்டி ஓடும். ஆனால் அக்காலத் தொழிலாளர் அரத்தால் இழைத்த கைவேலை போய்விடும். இவற்றுள் எது வேண்டும் என்பதில் அறிந்தோரிடையே இன்னும் வழக்குண்டு. ஓடாவிடினும் பழைய உறுப்பே இருக்கட்டும் என்பது நம் கருத்து.