ஒரே அறை… 33 வாண்டுகள்!

பள்ளிக்கூடம்னதும் காம்பவுண்டு சுவர், கொடிக்கம்பம், ஹெட்மாஸ்டர் ரூம்னு தேடாதீங்க, ஏமாந்துடுவீங்க! வங்கதேசக் கிராமங்களில் ‘பிராக்’ அமைப்பு ஆரம்ப காலத்தில் நடத்திய பள்ளிகளுக்குள் எட்டிப் பார்க்கப் போறோம். வெளியிலிருந்து பார்த்தால் தகரக் கூரை, மூங்கில் தட்டி, மண் தரை. அவ்வளவுதான். செருப்பைக் கழற்றிட்டு உள்ளே வாங்க…

அடடா! தலைக்கு மேல கலர் பேப்பர் தோரணம். தட்டி முழுக்கப் பிள்ளைகள் வரைஞ்ச படங்கள். பெஞ்சே கிடையாது. ‘ப’ வடிவில் விரிச்ச பாயில், சம்மணம் போட்டு 30, 33 வாண்டுகள். ஒளிஞ்சுக்கக் கடைசி பெஞ்சு இல்லாததால், டீச்சர் கண்ணிலிருந்து யாரும் தப்பவே முடியாது! எண்ணிப் பாருங்க, பையன்களைவிடப் பொண்ணுங்கதான் அதிகம். தற்செயல் இல்லை, சேர்க்கும்போதே போட்ட விதி அது.

இதை ஆரம்பிச்சு வெச்சது யார் தெரியுமா? அம்மாக்கள்! ஃபசலே ஹசன் ஆபெத் 1972-ல் தொடங்கிய பிராக், கிராமத்துப் பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தியது. அங்கே வந்த பெண்கள், “அப்போ எங்க பிள்ளைங்களுக்கு?”ன்னு கேட்டாங்க. 1985-ல் 22 பள்ளிகள் ரெடி!

சரி, ஒரு ஊரில் பள்ளி எப்படி முளைக்கும்? முதல்ல வீடு வீடாக் கணக்கெடுப்பு. பள்ளிப் பக்கமே போகாத, பாதியில் நின்ன பிள்ளைகளின் பட்டியல் தயாராகும். அடுத்து, ஊர்க்காரர் ஒருத்தரிடமே அறை வாடகைக்கு. டீச்சர்? பெரும்பாலும் அதே ஊர் மருமகள். ஒன்பதோ பத்தோ படிச்சிருந்தால் போதும். இரண்டு வாரப் பயிற்சி முடிஞ்சதும் சாக்பீஸ் கையில்! அதுக்கப்புறம் மாதாமாதம் பயிற்சி உண்டு. மேற்பார்வையாளரும் அடிக்கடி வந்து வகுப்பில் உட்காருவார்.

இனிதான் சுவாரஸ்யம். எத்தனை மணிக்கு வகுப்புன்னு முடிவு பண்றது பெற்றோர்! ஆடு மேய்க்கணுமா, தம்பியைப் பார்த்துக்கணுமா, அதுக்குத் தோதா நேரம் வெச்சுக்கலாம். வாரத்தில் 6 நாள், தினமும் மூணு மணி நேரம் போல. அதிலேயே பாட்டும் ஆட்டமும் கதையும் அடக்கம். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் யார் சொல்லித் தருவாங்க? அதனால ஹோம்வொர்க்கும் பேருக்குத்தான்!

மட்டம் போடலாமா? வாய்ப்பே இல்லை! டீச்சர் வீடு கூப்பிடு தூரம். காலையில் ஆள் வரலைன்னா, சாயங்காலம் குளக்கரையில் அம்மாவிடம் விசாரணை நடந்துடும். பெரிய கட்டடமும் பெரிய சம்பளமும் இல்லாத இந்தப் பள்ளியைத் தாங்கிப் பிடிச்சது இந்த அக்கம்பக்க உறவுதான்.

இதே சூத்திரத்தில் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் பெருகின. கல்விக்கான ‘வைஸ்’ பரிசு 2011-ல் முதன்முதலா வழங்கப்பட்டபோது, அது போனது ஆபெத்துக்கு!

ஒரு பேட்ச் படிச்சு முடிச்சதும் என்ன ஆகும்? ஊரில் இன்னும் படிக்காத பிள்ளைகள் இருந்தால் அதே பாயில் அடுத்த பேட்ச். இல்லைன்னா அறையைக் காலி பண்ணிட வேண்டியதுதான். எல்லாப் பிள்ளைகளும் படிச்சாச்சுன்னு ஒரு பள்ளியை இழுத்து மூடுறது எவ்வளவு சந்தோஷமான சமாச்சாரம்!