மஞ்சளின் மெருகும் ஈயத்தின் நஞ்சும்

ஈயம், பாதரசம், காட்மியம் போன்று மிகச் சிறிய அளவிலேயே உடலுக்கு ஊறு விளைவிக்கும் அடர்த்தி மிகுந்த தனிமங்களைக் கன உலோகங்கள் என்பர். இவை ஆலைக் கழிவிலிருந்தோ நிலத்தடி நீரிலிருந்தோ பயிருக்குள் ஏறுபவை என்பதே பரவலான எண்ணம். வங்கதேசத்து மஞ்சளில் இருந்த ஈயமோ வயலில் ஏறியதன்று, அறுவடைக்குப் பின் நிறம் கூட்டுவதற்காக மனிதர் கையால் தூவப்பட்டது.

வெட்டியெடுத்த மஞ்சளை வேகவைத்து வெயிலில் உலர்த்திய பின், மங்கிய மேல்தோல் நீங்கும்படி ஆலையில் சுழலும் உருளையில் இட்டு மெருகேற்றுவர். அங்கே சேர்க்கப்பட்டது ஈயக் குரோமேட், அதாவது ஈயமும் குரோமியமும் ஆக்சிஜனும் சேர்ந்த, பெயின்ட் தயாரிப்பில் பயன்படும் பளிச்சிடும் மஞ்சள் நிறமி. 1980களின் வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய மஞ்சளை விற்றுத் தீர்ப்பதற்காகத் தொடங்கிய இப்பழக்கம், பூச்சி அரித்த கிழங்கையும் நல்ல விலைக்குத் தள்ளிவிட உதவியதால், வெள்ளம் வடிந்த பின்னும் பல்லாண்டுகள் நீடித்தது. தூவியவர்களுள் பலர் அதன் தீமையை அறியாதவர்கள். ஆலையின் தூசியை நாள் முழுதும் சுவாசித்தவர்களும் அவர்களே.

உடல் ஈயத்தைக் கால்சியம் என்றே எண்ணி ஏமாறுகிறது எனலாம். உணவோடு உட்சென்ற ஈயத்தில் பெரியவர் உடல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை ஈர்த்துக்கொள்ள, சிறு குழந்தையின் உடல் பாதியளவு வரை ஈர்த்துக்கொள்கிறது; அது மூளை வளர்ச்சியைப் பாதித்து, கற்கும் திறனைக் குறைக்கிறது. பெரியவர்களிடத்தில் இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கேடும் கூடுகின்றன. எலும்பில் படிந்த ஈயம் பல பத்தாண்டுகள் தங்கி, கருவுற்ற காலத்தில் கால்சியத்தோடு கரைந்து கருவையும் சென்றடைகிறது. ஆகவேதான் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

வங்கதேசத்தில் கருவுற்ற பெண்களின் இரத்தத்தில் மிகுந்திருந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்று தேடிய ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தாரும் டாக்காவின் ஐசிடிடிஆர்,பி ஆய்வு மையத்தாரும் ஐசோடோப்புகளைத் துணைகொண்டனர். ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களே ஐசோடோப்புகள். ஈயத்தில் அவற்றின் விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறுவதால், இரத்தத்தில் உள்ள ஈயத்தையும் மஞ்சளில் உள்ள ஈயத்தையும் ஒப்பிட்டு மூலத்தை உறுதிசெய்ய முடிந்தது.

2019இல் இம்முடிவுகள் வெளிவந்தபின், அந்நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கை விளம்பரங்களோடு நில்லாமல், டாக்காவின் ஷியாம்பஜார் மொத்தச் சந்தையில் எக்ஸ்ரே கதிர்களால் உலோகத்தைக் கண்டறியும் கைக்கருவியோடு சோதனை நடத்தி, கலப்பட மஞ்சளைப் பறிமுதல் செய்து வணிகர்களுக்கு அபராதம் விதித்தது; அக்காட்சி தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பானது. சந்தையில் எடுத்த மாதிரிகளுள் 2019இல் 47 விழுக்காட்டில் இருந்த ஈயக் கலப்படம், 2021இல் ஒன்றில்கூட இல்லை. உணவுக் கலப்பட ஒழிப்பில் இவ்வளவு விரைவான வெற்றி அரிது. வாங்குவோரை விழிப்போடு இருக்கச் சொல்வதோடு கடமையை முடித்துக்கொள்ளும் அரசுகள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஏனெனில் ஈயம் கலந்த மஞ்சளை நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ இல்லத்தார் இனங்காண இயலாது, கழுவியும் சமைத்தும் அதைப் போக்கவும் இயலாது.

வங்கதேசத்தில் ஒழிந்த இக்கலப்படம் அண்டை நாடுகளில் ஒழிந்துவிடவில்லை. தெற்காசிய நகரங்களின் மஞ்சளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வில், பாட்னாவின் சில மாதிரிகளில் ஒரு கிராமுக்கு 1000 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் காணப்பட்டது. இந்தியச் சட்டம் மஞ்சளுக்கு அனுமதிக்கும் உச்ச அளவு 10 மைக்ரோகிராம்.